பலகையில் இருந்த பெயர்

பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காமல் வீடு திரும்பிய தகப்பன்கள் தாம்பரத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். கிடைக்காத அன்று நான் செய்த காரியத்தைச் செய்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் யாராவது பேச்சுவாக்கில் அட்மிஷன் என்றால் எனக்குக் காது சுடும்.

எண்பத்தொன்பதாம் வருஷம். செம்பாக்கத்தில் எனக்கு மணல், செங்கல், ஜல்லி வியாபாரம். அப்பா ஏர் ஓட்டிய நிலத்தை மனை போட்டு விற்றோம். வாங்கியவர்கள் வீடு கட்ட நானே மணலும் விற்றேன். ஒரே நிலத்தில் இரண்டு தடவை சம்பாதித்தவனுக்குத் தலைக்கனம் வராமல் இருக்குமா? வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதில் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தவன் நான் என்பதை மணல் லாரிகள் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் எல்லோரும் "கேசவன் சார்" என்றார்கள். அந்த "சார்" எனக்கு வெல்லமாக இனித்தது.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருந்தேன். ஒன்றில் தேவானந்தம் குடியிருந்தார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க். காலையில் ஆறு மணிக்கு சைக்கிளில் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் வருவார். அவர் மனைவி மெட்டில்டா பி.ஏ. படித்தவர். இரண்டாவது பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு இருந்தார். மூத்தவன் பிரிட்டோவுக்கும் என் பெண் பேபிக்கும் ஒரே வயது, ஐந்து. அப்ளிகேஷனில் அவள் பெயர் சித்ரலேகா. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

மெட்டில்டா சாயங்காலத்தில் பிரிட்டோவுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது பேபியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். காசு எதுவும் வாங்கமாட்டார். "நீங்க இதுக்கெல்லாம் ஒண்ணும் தரக் கூடாதுண்ணா, இவ இருந்தாத்தான் அவனும் படிக்கறான்" என்பார். இரண்டு பேரும் ஒரே சிலேட்டில் ஒருவர் பெயரை ஒருவர் எழுதி அழித்துக்கொண்டிருப்பார்கள். என் பெண்ணுக்கு ஏ, பி, சி, டி வந்தது அந்த வாசற்படியில்தான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அவளை எதிரில் நிறுத்தி நானும் ஒப்பிக்கச் சொல்வேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, ஆனால் தயங்குகிறாளா இல்லையா என்பது தெரியுமே. தயங்கினால் விரலை நீட்டி "தப்பு" என்பேன். கடகடவென்று சொல்லிவிட்டால் "சரி". இப்படியே பழகி, ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் அவள் என் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க ஆரம்பித்தாள். சரியா சொன்னேனாப்பா என்று கேட்கிற சிரிப்பு. நான் தலையாட்டினால்தான் அடுத்த வரி வரும்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கான்வென்ட். அதில் ஒன்றாவது சேர்ப்பதற்குத்தான் இவ்வளவு பாடு. மே மாதம் இன்டர்வியூ வைத்தார்கள், பெற்றோருக்கும் சேர்த்து. நான் சலவை மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டேன். என் மனைவி கிளியம்மாளிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கறேன்."

"நான் இன்னா பேசிடப் போறேன்? எனக்கு இன்னா தெரியும்?" என்றாள். சொன்ன விதத்தில் எனக்குத்தான் சுருக்கென்றது. இருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

அங்கே இருந்த சிஸ்டர் நல்லவர். பேபியிடம் இங்கிலீஷில் கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். குடைப் படத்தைக் காட்டினால் குடை என்றாள், ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்ணினாள். ஒவ்வொன்றும் முடிந்ததும் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். சிஸ்டர் இரண்டு தடவை, "என்னைப் பாத்து சொல்லும்மா, அப்பாவைப் பாக்காத" என்றார். மூன்றாவது தடவை எதையோ எழுதிக்கொண்டார்.

பிறகு கிளியின் பக்கம் திரும்பி, தமிழிலேயே கேட்டார். "வீட்ல குழந்தை சாயங்காலம் என்ன பண்ணுவா? நீங்க சொல்லுங்க."

கிளி வாயைத் திறந்தாள். சொல்லியிருப்பாள், நன்றாகவே சொல்லியிருப்பாள். நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்துவிட்டு, "டியூசன் போவுது சிஸ்டர்" என்றேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் பார்த்தார்.

இதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் என் நம்பிக்கை வேறு இடத்தில் இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்போது புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த மேஸ்திரி எனக்குத் தெரிந்தவன். யாரும் கேட்காமலேயே பாலாற்று மணல் இரண்டு லாரி கொண்டுபோய்க் கொட்டினேன். சிஸ்டர் வெளியே வந்து பார்த்து, "ரொம்ப நன்றி" என்றார். அந்த நன்றியை நான் சீட்டு என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் வியாபாரத்தில் அப்படித்தான். சரக்கு இறங்கிவிட்டால் பேச்சு முடிந்தது.

அந்த தைரியத்தில் யூனிபார்ம் துணி எடுத்தேன். ஜூன் பிறந்தால் தையல்காரர்கள் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்று மே மாதமே சேலையூர் சிட்டிபாபு கடையில் தைக்கக் கொடுத்தேன். கட்டம் போட்ட சட்டை, நீலப் பாவாடை, எலாஸ்டிக் வைத்த டை. தைத்து வந்ததும் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. கோவிலம்பாக்கத்திலிருந்து என் மச்சான் வந்தபோது பேபிக்கு அதைப் போட்டு நடக்கவைத்துக் காட்டினேன். தேவானந்தம் அதைப் பார்த்துவிட்டு, "நாங்க லிஸ்ட் வந்தப்புறம் எடுத்துக்கலாம்னு இருக்கோம் சார்" என்றார். பாவம், பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

ஜூன் முதல் வாரம், திங்கட்கிழமை லிஸ்ட் போட்டார்கள். தேவானந்தத்துக்கு லீவு மிச்சமில்லை. பிரசவத்துக்கே எல்லாம் தீர்ந்துவிட்டது. மெட்டில்டா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் போக முடியாது. காலையில் வாசலுக்கு வந்து, "அண்ணா, பிரிட்டோ பேரும் ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறீங்களா?" என்று கேட்டார்.

"இதெல்லாம் கேக்கணுமாம்மா" என்றேன். ராஜ்தூத்தில் பெட்ரோல் டாங்க் மேல் பேபியை உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அவளைக் கூட்டிப்போனதற்குக் காரணம் உண்டு. தன் பெயரைத் தானே பலகையில் பார்க்கட்டும் என்று ஊரிடம் சொன்னேன். டைப் அடித்த இங்கிலீஷ் எழுத்து எனக்கு ஓடாது என்பதுதான் உண்மை.

பலகையைச் சுற்றி ஒரே கூட்டம். பேபியைத் தோளில் தூக்கிக்கொண்டேன். அவள் விரலை வைத்து மேலிருந்து கீழாகத் தேடினாள். முதல் தாள் முடிந்தது. இரண்டாவது தாளில் பாதி வந்ததும் என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, பிரிட்டோ பேரு கீது! பி, ஆர், ஐ, டி, டி, ஓ. பிரிட்டோ!"

"சரி, உன் பேரப் பாரு."

அவள் பார்த்தாள். கடைசித் தாளின் கடைசி வரி வரைக்கும் போனாள். திரும்ப முதலிலிருந்து வந்தாள். பக்கத்தில் நின்ற ஒருவரிடம் வெட்கத்தை விட்டு நானும் கேட்டேன். "சித்ரலேகா, கே-ன்னு இனிஷியல்." அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

வாட்ச்மேன் எல்லோருக்கும் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தான். "பேரு வந்தவங்க புதன்கெழம பன்னண்டு மணிக்குள்ள பணம் கட்டிடணும். கட்டலன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் பூடும். அப்பறம் வந்து அழக் கூடாது."

உள்ளே போய் சிஸ்டரைப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். கட்டடத்துப் பக்கம் என் மணல் இன்னும் பாதி குவியலாகக் கிடந்தது. அதன்மேல் இரண்டு நாய் படுத்திருந்தது. எனக்கு உள்ளே போக முகம் இல்லை.

வண்டியை ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பெட்டிக்கடை ஓரமாக நிறுத்தினேன். பேபிக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தேன். வீட்டு வாசலில் மெட்டில்டா நிற்பார், கிளி நிற்பாள். நான் போய், உன் பிள்ளைக்குக் கிடைத்தது, என் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். நாளைக்கு என் கேட்டைத் திறந்துகொண்டு குடித்தனக்காரர் பையன் டை கட்டிப் போவான். என் பெண் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். அவள் டையும் தைத்து வைத்தபடி அலமாரியில் கிடக்கும். தெருவில் ஒருவன் பாக்கியில்லாமல் கேட்பான், இன்னா கேசவன் சார், பாப்பா எந்த ஸ்கூல் என்று. தங்கள் மதத்து ஆள் என்று அந்தப் பையனைச் சேர்த்திருப்பார்கள் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அது பொய் என்று எனக்கே தெரியும். அந்தப் பையன் கெட்டிக்காரன். சிஸ்டர் கேட்டால் சிஸ்டரைப் பார்த்துப் பதில் சொல்கிறவன்.

"பேபி, இங்க பாரு. வூட்ல யாரு கேட்டாலும் ரெண்டு பேரு பேரும் இல்லன்னு சொல்லணும்."

"பிரிட்டோ பேரு கீதேப்பா."

"இல்ல. நீ தப்பா படிச்ச."

"இல்லப்பா. பி, ஆர், ஐ..."

நான் விரலை நீட்டினேன். "தப்பு."

அவள் சோடா பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் முதல்முறையாக, ஆயிரம் பேர் நிற்கிற இடத்தில், தானாக இங்கிலீஷில் ஒரு பெயரைப் படித்திருக்கிறாள். அதைத் தப்பு என்று சொன்னேன். சோடாவைப் பாதியிலேயே வைத்துவிட்டாள்.

வீட்டு வாசலில் நான் நினைத்தபடியே இரண்டு பேரும் நின்றார்கள். நான் வண்டியை விட்டு இறங்காமலேயே, "ரெண்டு பேருக்கும் இல்ல" என்றேன். அவ்வளவுதான். மூன்று சொல். சொல்லும்போது எனக்குக் குரல்கூட நடுங்கவில்லை.

மெட்டில்டாவின் முகம் ஒரு நொடி விழுந்தது. மறுநொடி அவர் என் மனைவியின் தோளில் கை வைத்துவிட்டார். கிளி அதற்குள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தாள்.

"என்னாலதான். படிக்காத கய்தைய அம்மான்னு இட்டுகினு போனா யாரு சீட்டு குடுப்பா? அந்தம்மா என்னக் கேட்டுச்சு, எனக்கு ஒரு வார்த்த வரல."

வரவில்லையா? நானல்லவா மிதித்தேன்? அதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

"அக்கா, அப்படியெல்லாம் இல்லக்கா. நான் பி.ஏ. படிச்சவ, எனக்கும்தானே கிடைக்கல?" என்றார் மெட்டில்டா. அந்த வாக்கியம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. இல்லாத தோல்வியைத் தன் தோல்வியாக எடுத்துக்கொண்டு என் மனைவியைத் தேற்றினார்.

இரவு தேவானந்தம் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, என் வீட்டுக்கே வந்தார். கோபமாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். "சார், நீங்கதான் ரொம்ப நம்பி இருந்தீங்க. மனசு விட்ராதீங்க. நம்ம ஊர் ஸ்கூல் ஒண்ணும் மோசமில்ல. ரெண்டையும் ஒண்ணாவே சேத்துடுவோம். கை கோத்துக்கிட்டு நடந்தே போகும். புதன்கிழமை காலைல நான் அரை நாள் பர்மிஷன் கேட்டுட்டு வரேன்."

"போர்டு முழுக்கப் பாத்தீங்களா சார்?" என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் இன்னொரு நினைப்பு வந்தது. வந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். அவர்கள் பணம் கட்டாவிட்டால் சீட்டு அடுத்த ஆளுக்குப் போகும் என்றானே வாட்ச்மேன், அந்த அடுத்த ஆள் என் பெண்ணாக இருந்தால்? குளித்துக்கொண்டிருந்தவன் சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை. கடையில் லாரி வரும்போதும் போகும்போதும் கூடவே இருந்தது.

அன்று சாயங்காலம் மோட்டார் மக்கர் செய்தது. கிணற்றடியில் உட்கார்ந்து அதைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பின் போர்ஷன் வாசலிலிருந்து மெட்டில்டா கூப்பிட்டார். "பேபி, சிலேட் எடுத்துட்டு வாம்மா. ஸ்கூல் கிடைக்கலன்னா படிக்கக் கூடாதா என்ன?"

பேபி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வயிறு வலிக்குது ஆன்ட்டி" என்றாள். அவளுக்கு வயிறு வலிக்கவில்லை. அரைமணி நேரம் முன்புதான் இரண்டு தோசை சாப்பிட்டாள். பிரிட்டோ வந்து பம்பரம் காட்டிக் கூப்பிட்டான். அவள் அவனைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். நேற்றுவரை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டே சுற்றியவள். மெட்டில்டா என்னைப் பார்த்து, "குழந்தைக்கு ஏக்கம்ணா, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்றார். நான் ஸ்பானரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு நாங்கள் எல்லோரும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். நான், கிளி, பேபி, தேவானந்தம், கைக்குழந்தையோடு மெட்டில்டா, பிரிட்டோ. ஹெட்மாஸ்டர் வேதசிரோமணி வேப்பமரத்தடியில் மேஜை போட்டு, பெரிய ரிஜிஸ்தரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே இன்டர்வியூ எல்லாம் கிடையாது. பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது, சேர்த்துக்கொள்ளலாம். தொடாவிட்டாலும் அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டு "எட்டுது, எட்டுது" என்பார். எந்தப் பிள்ளையையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

எங்களுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர். வரிசை மெதுவாக நகர்ந்தது. ஆபீஸ் அறையின் கடிகாரம் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து. பத்தே கால். இங்கிருந்து தாம்பரம் போய்ப் பணம் கட்ட வண்டியில் இருபது நிமிஷம் போதும். இன்னும் நேரம் இருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது என்று எனக்குள்ளே ஒருவன் சொல்லிக்கொண்டேயிருந்தான். பத்தரை.

பிரிட்டோவின் முறை வந்தது. பையன் கையைத் தலைக்கு மேல் போட்டான். சுலபமாகக் காதைத் தொட்டுவிட்டு அதை முறுக்கியும் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். தேவானந்தமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டும் இல்லை. கான்வென்ட் அப்ளிகேஷனை மூன்று வருஷத்துக்கு முன்பே விசாரித்து வைத்திருந்த மனுஷன் அவர்.

ஹெட்மாஸ்டர் பேனாவைத் திறந்து, "பேரு?" என்றார்.

"கொஞ்சம் இருங்க சார்" என்றேன் நான்.

எல்லோரும் திரும்பினார்கள். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாய்க்கு வந்தது வேறு.

"நேத்து சாயங்காலம் தாம்பரம் போயிருந்தேன். இன்னொரு லிஸ்ட்டு போட்டுக்கிறாங்க. அதுல பிரிட்டோ பேரு கீது. இன்னிக்குப் பன்னண்டு மணிக்குள்ள பணம் கட்டணும். சொல்ல மறந்துட்டேன்."

தேவானந்தம் கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மெட்டில்டாவின் நெற்றி சுருங்கியது.

"நேத்து சாயங்காலமா? நீங்க மோட்டாரைப் பிரிச்சிக்கிட்டு இருந்தீங்களேண்ணா?"

கிளி என்னையே பார்த்தாள். ஹெட்மாஸ்டர் பேனாவை மூடினார். அப்போதுதான் என் இடுப்பளவு உயரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"இல்ல ஆன்ட்டி. அதுக்கு முன்னாலயே அப்பா போனாரு. நானும் வண்டில போனேன். புது லிஸ்ட்டு. நாந்தான் படிச்சேன்."

பேபி. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தயங்கவும் இல்லை. கடகடவென்று, மெட்டில்டாவின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். ஐந்து வயதுக் குழந்தை சொல்வதை யார் சந்தேகப்படுவார்கள்? மெட்டில்டாவின் நெற்றி விரிந்தது. கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மற்றக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"உங்க பொண்ணுக்குக் கிடைக்கலன்னாலும் எங்க பையனுக்காக மறுபடியும் போய்ப் பாத்தீங்களேண்ணா. இந்த மனசு யாருக்கு வரும்?"

நான் தப்பித்துவிட்டேன். அந்த ஒரு நிமிஷம் நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. தப்பித்துவிட்டேன், இனி ஆயுசுக்கும் நல்லவன். கீழே குனிந்து பார்த்தேன். பேபி என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதே சிரிப்பு. சரியா சொன்னேனாப்பா?

நான் தலையாட்ட வேண்டும். ஆட்டினால் அவள் அடுத்த வரிக்குப் போய்விடுவாள்.

"தப்பு" என்றேன்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"தப்பு பேபி. இப்ப சொன்னது தப்பு." மெட்டில்டாவிடமிருந்து கையை உருவிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, ரிஜிஸ்தரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "இன்னொரு லிஸ்ட்டு இல்லம்மா. ஒண்ணுதான். திங்கக்கெழமையே உங்க பையன் பேரு இருந்துச்சு. என் பொண்ணு பேரு இல்ல. அத வூட்டாண்ட வந்து சொல்ல எனக்கு மானம் போவுதுன்னு, ரெண்டுமே இல்லன்னு சொன்னேன். கொழந்த வாயையும் நான்தான் கட்டி வெச்சேன்."

கிளி "அய்யோ" என்று சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்தாள். வரிசையில் நின்ற ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னிடம் மணல் வாங்கியவர்கள், என்னை சார் என்று கூப்பிட்டவர்கள்.

தேவானந்தம் திட்டவில்லை. "பன்னெண்டு மணிக்குள்ளயா?" என்று மட்டும் கேட்டார்.

"வண்டி கீது சார். ஏறுங்க, இருவது நிமிஷத்துல..."

"வேணாம்" என்றார். மகனைத் தூக்கி சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு, காற்றில் சட்டை பறக்க மிதித்துக்கொண்டு போனார். வீட்டில் நின்று பணத்தை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு அடிக்க ஏழு நிமிஷம் இருக்கும்போது கட்டினார் என்று பிறகு தெரிந்தது. அடுத்த மாசமே வேறு வீடு பார்த்துக்கொண்டு சேலையூர் பக்கம் போய்விட்டார்கள்.

மெட்டில்டா அவர் பின்னாலேயே போயிருக்கலாம். போகவில்லை. பேபிக்கு எதிரில் கைக்குழந்தையோடு குந்தி உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"திங்கக்கிழமை லிஸ்ட்டை நீதான் படிச்சியா?"

பேபி தரையைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

"பிரிட்டோ பேரை எப்படி படிச்சே? சொல்லு."

பேபி கால் விரலால் மண்ணைக் கீறினாள். பிறகு மெல்ல வந்தது. "பி, ஆர், ஐ, டி, டி, ஓ."

"சரியாத்தான் படிச்சிருக்கே" என்றார் மெட்டில்டா. அவள் கன்னத்தை ஒரு தடவை தடவிவிட்டு எழுந்து, குழந்தையின் தலைமேல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு வெயிலில் நடந்து போனார்.

வேதசிரோமணி சார் மூடிய பேனாவைத் திறந்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வாம்மா பாப்பா, அடுத்தது நீதான்" என்றார்.

பேபி மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து இடது காதைத் தொட்டாள். கை நன்றாகவே எட்டியது.

"பேரு?"

"பேபி. பெரிய பேரு சித்ரலேகா."

அதை அவள் ஹெட்மாஸ்டரின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். சரியா என்று கேட்க என் பக்கம் திரும்பவில்லை. நான் அவளுக்குப் பின்னால் நின்று, திரும்புவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.